மணாலிக்கு ரூட்டு போட்டவரு

கச்சிராயபாளையம் தனசேகரன் இந்த மார்கழிக்கு மணாலி போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. ரயில்ல இல்ல, பிளேன்ல இல்ல. தன்னோட பழைய ஆம்னி வேன்ல, தானே ஓட்டிக்கினு. போயி, பனியில கால வெச்சி, ஒரு போட்டோ எடுத்துக்கினு, போகிக்குள்ள திரும்பி வந்துடறது.

முடிவு எடுத்த எடம் தெய்வசிகாமணி டீக்கடை. அந்தக் கடை பெஞ்சில எடுத்த முடிவெல்லாம் நடந்திருந்தா, கோமுகி அணை பக்கத்துல இந்நேரம் விமானம் எறங்கிக்கினு இருக்கும். ஆனா அந்த பெஞ்சுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சொன்னத செய்யணும்னு கட்டாயம் கெடையாது. மறுநாள் காலைல வந்து, டீ கிளாஸ உத்துப் பார்த்து, "வூட்ல வேணாம்னுட்டாங்கப்பா"ன்னு ஒரு பெருமூச்சு விட்டா போதும். பெஞ்சு மொத்தமும் தலைய ஆட்டும். யாரும் மேல கேக்கமாட்டாங்க. கேட்டா, நாளைக்கு அவங்களுக்கும் இதே வசனம் வேணுமே.

இந்த வசனத்த ஜாஸ்தி செலவு பண்ணவரு நம்ம தனசேகரன்தான். பழனிக்கு பாதயாத்திரை போறேன்னாரு. வூட்ல வேணாம்னுட்டாங்க. வார்டு மெம்பருக்கு நிக்கறேன்னாரு. வூட்ல வேணாம்னுட்டாங்க. ரத்ததான முகாம்ல கட்டில்ல படுத்து, சட்டைக் கைய மடிச்சி விட்டு, ஊசிய பார்த்ததும் எழுந்து உக்காந்து, "ஒரு நிமிஷம், வூட்ல கேட்டுட்டு வந்துடறேன்"னு போனாரு. அது ஆச்சு நாலு வருஷம்.

இதுல வேடிக்கை இன்னான்னா, அவரு பொண்டாட்டி கண்ணகி இதுவரைக்கும் அவர எதையுமே வேணாம்னு சொன்னதில்ல. அவங்கள யாரும் கேட்டதே இல்ல. ஆனா ஊருக்குள்ள அவங்களுக்கு பேரு, புருசன கட்டிப்போட்டு வெச்சிருக்கறவ. ரேஷன் கடை வரிசையில பக்கத்து வூட்டு ஜெயம்மாள், கண்ணகியோட மகளிர் குழுவுலயே இருக்கறவங்க, ஒரு தடவ காதுல சொன்னாங்க: "பாவம்டி அந்த மனுசன். ரத்தமாச்சும் குடுக்க வுடேன்."

கண்ணகி சக்கரைய வாங்கிக்கினு வூட்டுக்கு வந்துட்டாங்க.

இப்ப மணாலிக்கு வருவோம். தனசேகரன் போட்ட திட்டம் இருக்கே, அது சாதாரணத் திட்டம் இல்ல. இருநூறு பக்க நோட்டு. சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, டெல்லி, சண்டிகர், மணாலி. எந்த ஊருக்கு எத்தினி மணிக்கு போய்ச் சேரணும், எந்த எடத்துல பெட்ரோல் போடணும், எந்த ஓட்டல்ல சோறு கெடைக்கும், எதுல ரொட்டி மட்டும்தான் கெடைக்கும், எல்லாம் கலர் பேனாவுல. நாக்பூர் தாண்டிட்டா காலைல ஏழரைக்கு மேலதான் வண்டிய எடுக்கணும், பனிமூட்டம், லைட்டு போட்டாலும் முன்னாடி போற லாரி தெரியாதுன்னு சிவப்புல கட்டம் கட்டியிருந்தாரு. கடைசி நாலு பக்கம் இந்தி. பானின்னா தண்ணி. கித்னான்னா எவ்ளோ. பச்சாவ்னா காப்பாத்து. அதுக்கு மட்டும் மூணு அடிக்கோடு.

ரெண்டு மாசம் ராவும் பகலும் யூடியூப் பார்த்து எழுதினது. நெஜமாவே அருமையான நோட்டு. அத எழுதும்போது அவரு மூஞ்சியில இருந்த சந்தோஷத்த பார்த்தா, போகாமலே போய்ட்டு வந்தவரு மாதிரி இருந்தாரு.

போறதுலதான் ஒரு சின்ன சிக்கல். அவரு லைசென்சு இந்தியா பூரா செல்லும். அவரு தைரியம் ஆத்தூர் வரைக்கும்தான் செல்லும். ஆத்தூர தாண்டி பைபாஸ்ல ஒரு டிரெய்லர் லாரி பக்கத்துல வந்துட்டா, ஸ்டியரிங்க புடிச்ச கை ரெண்டும் ஈரமாயிடும். கால் பிரேக்க தேடும். வாய் மாரியம்மன தேடும்.

அதனால எப்பவும் போல ஒரு காலைல பெருமூச்சு விட்டுடலாம்னு கடைக்கு கெளம்பினாரு. கடைய நெருங்கும்போது நின்னுட்டாரு. பஸ் ஸ்டாப் பக்கத்துல பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸு. பின்னாடி வெள்ள வெளேர்னு பனிமலை. முன்னாடி கூலிங்கிளாஸ் போட்ட தனசேகரன். கூலிங்கிளாஸ் அவருது இல்ல, கம்ப்யூட்டர்ல போட்டது. மேல எழுதியிருந்தது: 'பனியையே பணிய வைக்கப் புறப்படும் எங்கள் அண்ணன்'. கீழ இருபத்திநாலு பேரோட பாஸ்போர்ட் சைஸ் மூஞ்சி, இவண் நண்பர்கள் குழு, தலைமை தெய்வசிகாமணி.

ஃப்ளெக்ஸு வெச்சப்புறம் வெறும் பெருமூச்சு பத்தாது. இப்ப கண்ணகி நெஜமாவே வேணாம்னு சொல்லணும். அதுவும் நாலு பேரு காதுல விழற மாதிரி சொல்லணும். இல்லன்னா மானம் போயிடும்.

அன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிச்சாரு. கண்ணகி அடுப்புல குழம்ப கிண்டிக்கினு இருந்தாங்க.

"கண்ணகி, மொத்தம் இருபத்தெட்டு நாளு ஆவும்."

"சரிங்க."

"மார்கழி மாசம். கரும்புக்கு மில்லுல இருந்து கட்டிங் ஆர்டர் வர்ற நேரம்."

"நான் பாத்துக்கறேன். போன வருசமும் நான்தான பாத்தேன். நீங்க தேர்த் திருவிழாவுக்கு பந்தல் போடறேன்னு போனீங்களே, திருவிழா முடிஞ்சி பத்து நாள் கழிச்சி வந்தீங்க."

"ரோடு பூரா பனியாம். போன வருசம் ஒரு வண்டி பள்ளத்துல போயிடுச்சாம்."

"பாத்து ஓட்டுங்க."

அவரு விடல. குளுருல காது மடல் கழண்டு விழுந்துடும்னு சொல்லிப் பார்த்தாரு. மறுநாளே கண்ணகி கள்ளக்குறிச்சி பஸ் ஏறி, பஸ் ஸ்டாண்டுகிட்ட குளுர்காலத்துக்கு மட்டும் கடை விரிக்கற வடக்கத்திக்காரங்ககிட்ட தடிமனா ஒரு ஜாக்கெட்டு, குரங்குக் குல்லா, கையுறை எல்லாம் வாங்கியாந்துட்டாங்க. வாங்கும்போது தானே போட்டுப் போட்டு பாத்து வாங்கினாங்களாம். ஜாக்கெட்டு தனசேகரனுக்கு தோள்ல கொஞ்சம் புடிச்சது. குளுருல ஒடம்பு சுருங்கிடும், சரியாப் போயிடும்னாங்க.

வேற வழியில்லாம ஒரு நாள் நேராவே கேட்டுட்டாரு.

"இந்தா பாரு. உனக்கு மனசு ஒப்பலன்னா சொல்லிடு. நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் அப்டியே நிறுத்திடறேன். உனக்காக."

கண்ணகி துணி மடிச்சிக்கினு இருந்தாங்க. நிமுந்து பாக்கல.

"நான் ஏங்க வேணாம்னு சொல்லணும்? இத்தினி வருசத்துல நான் உங்கள எதையாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கனா?"

தனசேகரன் மடிச்சி வெச்ச துணி ஒண்ண எடுத்து மறுபடியும் மடிச்சாரு.

"சொல்லுங்க. சொல்லியிருக்கனா?"

"இல்ல."

"அப்ப போய்ட்டு வாங்க."

மார்கழி ஒண்ணாந்தேதி காலைல வழியனுப்பு விழா. பதினெட்டு துண்டு போத்தினாங்க. பதினெட்டாவது துண்டுக்கு அவரு மூஞ்சி வெளிய தெரியல. பூசணிக்காய சுத்தி ஒடச்சாங்க. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. கடைசி முயற்சியா தனசேகரன் வண்டியில இருந்து தலைய வெளிய நீட்டி, கூட்டத்துக்கே கேக்கற மாதிரி, "கண்ணகி, இப்பகூட ஒண்ணும் கெட்டுப் போயிடல. உன் மனசுக்கு கஷ்டமா இருந்தா எறங்கிடறேன்"னாரு.

கூட்டமே கண்ணகிய பாத்தது. கண்ணகி முந்தானையால கண்ண தொடச்சாங்க. தனசேகரன் ஒரு கால தரையில வெச்சிட்டாரு.

"அவரு ஆசைப்படறாருங்க. நான் எதுக்கு குறுக்க நிக்கணும். நல்லபடியா போய்ட்டு வரட்டும்."

கைதட்டல் தூள் பறந்துச்சு. இவளையா இத்தினி நாளு தப்பா பேசினோம்னு ஜெயம்மாள் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க. தனசேகரன் தரையில வெச்ச கால மெதுவா உள்ள இழுத்துக்கினாரு. எலுமிச்சம்பழம் நாலும் ஒரே நேரத்துல நசுங்கிச்சு.

ஆத்தூர் வரைக்கும் வண்டி ஜோரா போச்சு. ஆத்தூர் தாண்டி ஒன்பது கிலோமீட்டர்ல, நோட்டுல எழுதாத ஒரு டிரெய்லர் லாரி பின்னாடி இருந்து ஹார்ன் அடிச்சது. ஓரங்கட்டி நிறுத்தினாரு. கை ஈரம். இன்னும் மணாலிக்கு ரெண்டாயிரத்து தொள்ளாயிரம் சொச்சம் கிலோமீட்டர். ஒரு மணி நேரம் அங்கயே உக்காந்திருந்தாரு. ஊருக்கு திரும்ப முடியாது, ஃப்ளெக்ஸு நிக்குது. ஆத்தூர்ல ரூம் எடுக்க முடியாது, சந்தைக்கு வர்ற ஊர்க்காரன் எவனாச்சும் பாத்துடுவான்.

அப்பதான் வேடியப்பன் ஞாபகம் வந்துச்சு. கல்வராயன் மலைமேல இருக்கறவரு. தேனும் சாமையும் எடுத்துக்கினு மாசம் ஒரு தடவ கச்சிராயபாளையம் எறங்கி வருவாரு, தனசேகரன் வூட்ல சாப்ட்டுட்டுத்தான் போவாரு. அதிகம் பேசாத மனுசன். ரகசியத்துக்கு அதவிட இன்னா வேணும்? தனசேகரன் அந்தப் பக்கமாவே மலைப்பாதையில ஏறி, சுத்திக்கினு, பொழுது சாயற நேரத்துக்கு அவரு வூட்டுக்குப் போய்ச் சேந்தாரு. அங்க இருந்து பாத்தா கீழ அணைத் தண்ணி பளபளன்னு தெரிஞ்சது. அவரு வூட்டு கரும்புக் காடுகூட தெரிஞ்சிருக்கும். அவரு அந்தப் பக்கம் பாக்கல.

அவர பாத்து வேடியப்பன் ஆச்சரியப்படல. அவரு பொண்டாட்டி செல்லியம்மாள் வெந்நீர் காயவெச்சிருந்தாங்க. ஒரு ரூம் கூட்டி, கயித்துக் கட்டில் போட்டிருந்துச்சு. மலைக்காரங்க உபசாரமே தனின்னு தனசேகரன் மனசுக்குள்ள மெச்சிக்கினாரு.

குளிச்சிட்டு, கண்ணகி அடுக்கி வெச்ச பைய தொறந்தாரு. மேல ஒரு கம்பளி. அடியில நாலு லுங்கி, ஒரு டார்ச்சு, கொசுவத்திச் சுருள் ஒரு பாக்கெட்டு. ஜாக்கெட்டக் காணம். குரங்குக் குல்லா காணம். கையுறை காணம். நோட்டையும் காணம். மணாலி பனியில கொசு எங்க இருக்கும்? பாவம், அழுத அவசரத்துல பைய மாத்தி வெச்சிட்டா போலன்னு நெனச்சி, கொசுவத்திய கொளுத்தி வெச்சிட்டுப் படுத்தாரு. நல்லா தூக்கம் வந்துச்சு. மலையில கொசு ஜாஸ்தி.

மறுநாள்ல இருந்து வேலை ஆரம்பமாச்சு. அந்த ஊர்ல சிக்னல் ஒரே ஒரு பாறை மேலதான் கெடைக்கும். மார்கழி மாசம் காலைல ஒன்பது மணி வரைக்கும் மலை பூரா மூட்டம். பத்தடிக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியாது. அத போட்டோ புடிச்சி டீக்கடை குரூப்புல போடுவாரு. நோட்டு இல்லாட்டியும் தேதி எல்லாம் மனப்பாடம். அஞ்சாம் நாளு நாக்பூர் பனிமூட்டம். ஏழாம் நாளு டெல்லி பனிமூட்டம். ஒன்பதாம் நாளு சண்டிகர் தாண்டி பனிமூட்டம். குரூப்புல கைகூப்பி கைகூப்பி தள்ளினாங்க. தெய்வசிகாமணி ரெண்டாவது ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் குடுத்துட்டதா எழுதினாரு. முதல் ஃப்ளெக்ஸ அவரு கெளம்பின அன்னிக்கே கண்ணகி மழைக்கு வைக்கப்போர் மேல மூடணும்னு கேட்டு வாங்கிக்கினு போயிட்டாங்களாம்.

ஒரே ஒரு நாளு, மூட்டத்துக்கு நடுவுல ஒரு பலாமரம் தெரிஞ்சிடுச்சு. 'அண்ணே, இமயமலையில பலா இருக்கா'ன்னு ஒருத்தன் கேட்டுட்டான். தனசேகரன் அரை மணி நேரம் யோசிச்சி, 'இது குளிர்ப்பலா, காய்க்காது'ன்னு பதில் போட்டாரு. அதுக்கும் நாலு பேரு கைகூப்பினாங்க. அதுதான் அவருக்கு தாங்கல. யாராச்சும் ஒருத்தன் பொய்யின்னு சொல்லியிருந்தா மனசு ஆறியிருக்கும்.

தெனம் கண்ணகிக்கு ஒரு போனு பண்ணுவாரு.

"குளுரு எப்டிங்க இருக்கு?"

"அத கேக்காத. மூக்கு இருக்கற எடமே தெரியல."

"அங்க கோழி கூவுதே."

"இங்கயும் கோழி இருக்கு கண்ணகி. அது கெடக்கட்டும், உன் பக்கம் இன்னா ஒரே ஹார்ன் சத்தம்? யாரோ இந்தியில பேசற மாதிரி கேக்குது."

"ஜெயம்மாக்கா வூட்ல டிவி."

அவ்ளோதான். அவருக்கு அதுக்கு மேல கேக்கத் தோணல. அவரு பொய்ய காப்பாத்தறதுக்கே மூச்சு சரியா இருந்துச்சு.

பதினோராம் நாளு காலைல, பாறை மேல நின்னு மணாலி போட்டோவுக்கு ஏத்த மூட்டம் வரட்டும்னு காத்துக்கினு இருந்தாரு. வேடியப்பன் மாட்ட ஓட்டிக்கினு அந்தப் பக்கம் வந்தவரு, கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"தெனம் எங்க மலையதான் புடிக்கற. நல்லாத்தான் இருக்கு. ஆனா தெனம் வேற வேற ஊரு பேர போட்டு அனுப்பறியாமே. எங்க ஊரு பேர ஒரு நாளாச்சும் போடக்கூடாதா?"

கோவமா கேக்கல. சும்மாத்தான் கேட்டாரு. கேட்டுட்டு மாட்ட ஓட்டிக்கினு போயிட்டாரு.

தனசேகரன் செல்போன லுங்கி மடிப்புல சொருகிக்கினாரு. அன்னிக்கு அந்தாளு வூட்ல சாமைச் சோறு தட்டுல விழும்போது தலைய நிமுத்த முடியல. பதினோரு நாளா அவங்க சோத்த தின்னுக்கினு, அவங்க ஊரையே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தது அப்பதான் ஒறச்சுது. அதோட சேந்து இன்னொண்ணும் ஒறச்சுது. கண்ணகி சொல்லாத வார்த்தைய இத்தினி வருசமா கண்ணகி தலையில போட்டது. டெல்லி மூட்டமும் அந்த வசனமும் ஒரே சரக்குதான். அன்னிக்கு போட்டோ எதுவும் போகல.

நாளைக்கு கண்ணகிக்கு போனு பண்ணி எல்லாத்தையும் சொல்லிடறதுன்னு முடிவு பண்ணாரு. இது டீக்கடை பெஞ்சில எடுத்த முடிவு இல்ல. அதனால மறுநாள் நெஜமாவே பாறை மேல ஏறினாரு. சொல்ல வேண்டியத ரெண்டு தடவ சொல்லிப் பாத்துக்கினாரு. போன எடுத்தாரு. எடுக்கவும், கண்ணகிகிட்ட இருந்து ஒரு போட்டோ வந்து விழவும் சரியா இருந்துச்சு.

மொதல்ல கோலம் போடற மாவு கொட்டிடுச்சோன்னு நெனச்சாரு. அவ்ளோ வெள்ள. அப்பறம் பாத்தா பனி. அசல் பனி. பனியில மகளிர் குழு பதினோரு பேரும் கம்பளிய போத்திக்கினு உக்காந்திருந்தாங்க. நடுவுல கண்ணகி. தடிமனான ஜாக்கெட்டு, குரங்குக் குல்லா, கையுறை. ஜாக்கெட்டு தோள்ல கனகச்சிதம். கையில இருநூறு பக்க நோட்டு. அடியில நனையாம இருக்கறதுக்கு ஒரு ஃப்ளெக்ஸ விரிச்சிருந்தாங்க. ஜெயம்மாளுக்கும் இன்னொரு அம்மாவுக்கும் நடுவுல, கூலிங்கிளாஸ் போட்ட ஒரு மூஞ்சி பாதி நசுங்கி சிரிச்சிக்கினு இருந்துச்சு.

தனசேகரன் பாறையிலயே உக்காந்துட்டாரு. காது ரெண்டும் சூடாச்சு. அந்தக் குளுர்லயும். பின்னாலயே ஒரு வாய்ஸ் மெசேஜு வந்துச்சு. காத்து சத்தத்துக்கு நடுவுல கண்ணகி குரலு, எப்பவும் போல நிதானமா.

"ஏங்க, நல்லா இருக்கீங்களா? செல்லியம்மா வேளாவேளைக்கு வெந்நீர் குடுக்கறாங்களா? ஆத்தூர தாண்டினா உங்களுக்கு வேற போக்கிடம் ஏது, நீங்க அங்கதான் வருவீங்கன்னு முந்தின வாரமே சொல்லி வெச்சிட்டேன். ஊர்ல நாங்க கோயில் டூருன்னுதான் சொல்லியிருக்கோம், ஜெயம்மாக்கா தம்பி வேன்ல வந்தோம். கரும்புக்கு கட்டிங் ஆர்டர் தை மாசம்தான்னு மில்லுல கேட்டுட்டுத்தான் கெளம்பினேன். உங்க நோட்டு இருக்கே, ஒரு எடத்துலயும் தப்பல. நாக்பூர் தாண்டி ஏழரைக்கு மேலதான் வண்டிய எடுத்தோம். நீங்க சொன்ன ஓட்டல்ல சோறும் கெடைச்சுது. எங்க வூட்டுக்காரரு எழுதினதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்."

இந்த எடத்துல யாரோ சிரிச்சாங்க. ஜெயம்மாளா இருக்கும்.

"யாரும் வாய தொறக்கமாட்டாங்க, பயப்படாதீங்க. அவங்கவங்க வூட்டுக்காரரு பண்ணதும் எல்லாருக்கும் தெரியும். இனிமே டீக்கடையில 'வூட்ல வேணாம்னுட்டாங்க'ன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் வேணாம்னு சொல்றது இந்த ஒண்ணுதான். நாங்க போகிக்கு முந்தின நாளு வந்துடுவோம். நீங்க போகி அன்னிக்கு வாங்க, முன்னாடியே வந்து மாட்டிக்காதீங்க. வரும்போது செல்லியம்மாகிட்ட பொங்கலுக்கு ரெண்டு கிலோ சாமை வாங்கியாங்க. மணாலில வாங்கினதுன்னு மட்டும் சொல்லாதீங்க."